தலைக்குந்தா, ஞாயிறு இரவு

ஹாலனின் கிரேனுக்கும் எங்கள் ஆம்புலன்சுக்கும் நடுவே
தகர டப்பாவில் கொஞ்சம் நெருப்பு.
பிஸ்கட் பாக்கெட்டில் சாய்ந்து நிற்கிறது ஷாநவாஸின் கைப்பேசி.
அதற்குள், வெயில் காயும் ஏதோ ஓர் ஊரில்
இருபது வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
சிக்னல் போனால் எல்லாம் நின்றுவிடும்,
ஒரு வட்டம் மட்டும் சுற்றும்.
அதையும் பந்தயம் என்றே ஒருமுறை
பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே நாட்டுக்கு மூணு பந்தயமாம்," என்று ஆரம்பித்தான் ஷாநவாஸ்.
"நமக்கு ஒண்ணுகூட இல்ல.
குடும்பத்துக்கு ஒரு ரேஷன் அட்டை மாதிரி
நாட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சா என்ன?"

ஹாலன் கொக்கியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.
"ஹெத்தை பண்டிகை எத்தனை ஹட்டியில நடக்குது.
ஒரு மலைக்கு ஒண்ணு போதும்னு
எந்தக் கலெக்டராவது சொன்னாரா?
அது பெரிய நாடு தம்பி. இந்தக் கோடியில சாப்பாட்டு நேரம்னா
அந்தக் கோடியில பல் விளக்குவான்."

"நாடு பெருசோ இல்லையோ, காசு பெருசு.
இருக்கிறவன் வீட்டுல மூணு கல்யாணம்,
இல்லாதவன் வீட்டுக்குப் பொண்ணு பார்க்கக்கூட ஆள் வரல."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஓட்டத் தெரியாது.
ஓட்டுகிறவர்கள் பெயரும் தெரியாது.
நான் பார்ப்பது ஒரே ஒரு வண்டியை:
முதல் சுற்றில் எல்லோருக்கும் பின்னால்
டாக்டரை ஏற்றிக்கொண்டு
அதே வேகத்தில் விழுந்தடித்து வருமே, அதை.
ஜெயிக்க வராத வண்டி.
ஹெலிகாப்டர் எழும்ப முடியாத மூடுபனி என்றால்
பந்தயத்தையே நிறுத்தி வைப்பார்களாம்.
மூடுபனிக்காக!
இங்கே அப்படி ஒரு சட்டம் போட்டால்
ஜூனிலிருந்து ஜனவரி வரை
யாரும் பால் வாங்கக்கூடப் போக முடியாது.

அவர்கள் வளைவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
கல்லட்டி இறக்கத்தில் எண்தான்,
ஒன்று முதல் முப்பத்தாறு வரை.
ஆனாலும் எண்ணைச் சொன்னால் எனக்கு ஆள் ஞாபகம் வருகிறது.
ஒன்பது என்றால் பல் உடைந்த மாப்பிள்ளை.
இருபத்திரண்டில் ஒற்றைச் செருப்பு, சின்ன அளவு,
அதன் சொந்தக்காரி பிழைத்துவிட்டாள்.
முப்பத்தொன்றைச் சொல்லமாட்டேன்.

"நடக்கட்டும்," என்றேன்.
"மூணு என்ன, ஒரே நாட்டுல பத்து நடக்கட்டும்,
ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் ஒரு டாக்டர் ஓடுறார்னா.
பதினொண்ணாவது பந்தயத்தை இங்க கேளுங்க.
கேட்டுட்டு, பந்தயத்தை அவங்களே வெச்சுக்கட்டும்,
அந்த வண்டி மட்டும் வரட்டும்."

ஷாநவாஸ் சிரித்தான். ஹாலன் சிரிக்கவில்லை.
முப்பத்தொன்றில் கொக்கி போட்டவர் அவர்தான்.

ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு. இருபதாவது வளைவு.
நாற்பத்து மூன்று என்ற பதிவு இல்லாத வண்டி,
இறங்கவே கூடாதது,
சாவடிக்காரர் கண்ணில் எப்படித் தப்பியதோ.
கருகிய பிரேக் வாசனை
யூகலிப்டஸ் வாசனையை மீறி
பதினைந்தடிக்கு முன்பே எங்களைச் சந்தித்தது.
பையனுக்கு இருபத்து மூன்று இருக்கும்,
புருவம் கிழிந்து, வலது மணிக்கட்டு உடைந்து.
"நான் வேகமா வரவே இல்லக்கா," என்றான்.
எல்லோரும் சொல்வது. இவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.
கால் முழுக்க பிரேக்கிலேயே ஊன்றி வந்திருக்கிறான்,
கியரை மாற்றச் சொல்லித்தர ஆளில்லை.

கழுத்துக்குப் பட்டை கட்டும்போது கேட்டான்:
"இது எத்தனையாவது வளைவு?"
"இருபது."
"இன்னும் எத்தனை இருக்கு?"

உனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்,
அது காதில் எப்படி விழும் என்று விழுங்கினேன்.
மேலே போகிறோம் என்றும் சொல்ல முடியாது.

"ஊட்டிக்குப் போறோம்," என்றேன்.
ஷாநவாஸ் வண்டியைத் திருப்பினான்,
மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து.